விளையாடுற பிள்ளைக்குத் தண்ணியும் உப்பும்



போன வருடம் ஏப்ரல் மாதம் நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் எழுதி முடித்து ஊக்குநர் நோட்டை மூடப் போன நேரம். ஓர் உறுப்பினர் எழுந்து, "மேடம், எம் பொண்ணை கபடிக்கு அனுப்பறதை நிறுத்திடலாம்னு இருக்கேன். நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்.

அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் பயிற்சி நடக்கும்போதே கண் இருட்டி மைதானத்தில் விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து, நிழலில் படுக்க வைத்து, பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "கண்ணு பட்டுடுச்சு" என்றார் ஒருவர். "வயசுக்கு வந்த பொண்ணை வெயில்ல ஆட விட்டா இப்பிடித்தான் ஆவும்" என்றார் இன்னொருவர். "ரத்தம் கம்மியா இருக்கும், பீட்ரூட் வாங்கிக் குடு" என்றார் மூன்றாமவர்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினேன். காலையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். மதியம் பாதிச் சாப்பாடு. தண்ணீர் எவ்வளவு குடித்தாய் என்று கேட்டால் சிரிக்கிறாள். "ஸ்கூல்ல பாத்ரூம் நல்லா இருக்காதுக்கா. அதான் தண்ணி குடிக்க மாட்டேன்." நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஆட்டம். நடுவில் வாய் கொப்பளித்துத் துப்பியதோடு சரி. "நடுவுல குடிச்சா வவுறு இழுத்துக்கும்னு பெரிய அக்காங்க சொன்னாங்க" என்றாள்.

டாக்டர் சொன்னது இதுதான்: உடம்பில் தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை. கண்ணும் படவில்லை, காற்றும் அடிக்கவில்லை.

சகோதரிகளே, இந்தக் கட்டுரை அந்த அக்கா கேட்ட கேள்விக்கான பதில். விளையாட்டை நிறுத்த வேண்டாம். தண்ணீரையும் உப்பையும் சரியாகக் கொடுத்தால் போதும். எப்படிக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெயில் சும்மா விடாது

"வெயில்ல ஆடறதெல்லாம் நமக்குப் புதுசா மேடம்?" என்று சிலர் கேட்கிறார்கள். புதிதில்லைதான். ஆனால் 2024 அக்டோபர் 6-ஆம் தேதியை நாம் மறந்துவிடக் கூடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கான ஜனம் பிள்ளைகுட்டிகளோடு போனது. வெயில், நெரிசல், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத நிலை. அன்று 5 பேர் இறந்து போனார்கள். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நிறையப் பேர். இறந்தவர்களில் நம் வடசென்னைக்காரர்களும் உண்டு. அவர்கள் ஓடவும் இல்லை, ஆடவும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போனவர்கள். அதுவும் கத்திரி வெயில் இல்லை, ஐப்பசிகூடப் பிறக்காத புரட்டாசி மாதம்.

அதே அக்டோபர் மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் ஒரு பேரிடர்தான் என்று ஆகிவிட்டது. வெயிலால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் தரவும் வழி செய்யப்பட்டது. நிவாரணம் வாங்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். அதற்குத்தான் இத்தனையும் பேசுகிறோம்.

வேர்வையில் என்ன போகிறது?

நம் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. ஓடினால், குதித்தால், பாரம் தூக்கினால் அடுப்பு அதிகம் எரியும். அந்தச் சூட்டைத் தணிக்க உடம்பு வேர்வையை வெளியே விடுகிறது. வேர்வை தோலின் மேல் காய்ந்து ஆவியாகும்போது சூடும் அதோடு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்ந்து இருப்பதும் இதே முறையில்தான்.

ஆனால் நம் ஊர் கடற்கரை ஊர். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காற்றிலேயே ஈரம். துணியே சீக்கிரம் காய மாட்டேன் என்கிறது, வேர்வை எப்படிக் காயும்? சொட்டுச் சொட்டாக ஒழுகிக் கீழே விழுகிறது. ஒழுகுகிற வேர்வை சூட்டைக் கொண்டுபோவதில்லை. சூடு குறையாததால் உடம்பு இன்னும் வேர்வையை விடுகிறது. அதனால்தான் வேலூர் வெயிலைவிட டிகிரி குறைவாக இருந்தாலும் நம் ஊர்ப் புழுக்கம் ஆளைச் சாய்க்கிறது.

வெயிலில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியாடினால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வேர்வை போகும். பெரியவர்களுக்கு அதற்கு மேலும் போகலாம். ஒரு லிட்டர் வேர்வையோடு ஏறக்குறைய அரை டீஸ்பூன் உப்பும் போகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையின் கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறதா? அது உப்பு. அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட உப்பு அதிகம் போகிறது என்று அர்த்தம்.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும். இதயம் வேகமாக அடிக்கும். தலை வலிக்கும், கண் இருட்டும், கை கால் ஓயும். உடம்பு எடையில் 100-க்கு 2 பங்கு தண்ணீர் குறைந்தாலே ஆட்டம் தளர ஆரம்பித்துவிடும். 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வெறும் 800 கிராம். ஒரு சாயங்காலப் பயிற்சியிலேயே அவ்வளவும் போய்விடும்.

தண்ணீர் மட்டும் போதாதா?

அரை மணி, முக்கால் மணி விளையாட்டுக்கு நல்ல தண்ணீரே போதும். வீட்டில் மூன்று வேளை உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறோம், இழந்த உப்பைச் சாப்பாடே ஈடு கட்டிவிடும். இதற்கெல்லாம் ஒரு பாட்டில் பானமும் வாங்க வேண்டாம்.

ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது கடும் வெயிலில் நடந்தால், அல்லது காலையும் மாலையும் இரண்டு பயிற்சி இருந்தால், அப்போதுதான் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் தேவை. உப்பு இருந்தால் குடித்த தண்ணீர் உடம்பில் தங்கும். இல்லாவிட்டால் சிறுநீராகச் சீக்கிரம் வெளியே போய்விடும்.

உப்பும் சர்க்கரையும் ஏன் சேர்ந்து வேண்டும்? நம் குடலில் ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால் அந்தக் கதவு இரண்டையும் உள்ளே விடும். கூடவே தண்ணீரும் வேகமாக உள்ளே போகும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டதால் உலகத்தில் கோடிக்கணக்கான உயிர் பிழைத்திருக்கிறது.

1971-ஆம் வருடம் வங்கதேச விடுதலைப் போர் நடந்தது. அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். எல்லையில் பொங்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. குளுக்கோஸ் ஏற்ற பாட்டில் இல்லை, ஊசி போட ஆளும் இல்லை. அங்கே வேலை பார்த்த டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் ஊற்றி வைத்தார். நோயாளியின் அம்மா, அக்கா, அண்ணன் யார் இருந்தாலும் மொண்டு குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே வந்தது. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் உப்பு சர்க்கரைக் கரைசலை உலகம் நம்பியது இப்படித்தான். அந்த டாக்டர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

விளையாட்டுக்காரர்களுக்கான பானத்தின் கதையும் இதே போலத்தான். 1965-இல் அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். ஆட்டம் முடிந்தும் அவர்களுக்குச் சிறுநீரே வருவதில்லை, ஏன் என்று பயிற்சியாளர் ஒருவர் சிறுநீரக டாக்டர் ராபர்ட் கேடிடம் கேட்டார். தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து கொடுத்தார் டாக்டர். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பார்க்கச் சொன்னது அவருடைய மனைவி. கேட்டரேட் என்ற பானம் அப்படித்தான் பிறந்தது. பெரிய கடையில் கலர் கலராக அடுக்கி வைத்திருக்கும் பாட்டிலுக்குள் அடிப்படையில் இருப்பது நாம் விருந்தாளிக்குக் கலக்கும் எலுமிச்சம்பழ ஜூஸ்தான், அதில் ஒரு சிட்டிகை உப்பு. அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

வீட்டிலேயே கலக்கும் முறை

விளையாட்டுக்கு:
1. காய்ச்சி ஆறிய தண்ணீர் அல்லது நல்ல கேன் தண்ணீர் - 1 லிட்டர்
2. சர்க்கரை - தலை தட்டிய 6 டீஸ்பூன்
3. உப்பு - தலை தட்டிய கால் டீஸ்பூன்
4. எலுமிச்சம்பழம் - 1 அல்லது 2

கலக்கியதும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். இன்னும் தண்ணீர் சேர்த்துக் கரையுங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு: அதே 1 லிட்டர் தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, ஆனால் உப்பு அரை டீஸ்பூன். வயிற்றுப்போக்கில் உப்பு அதிகம் போவதால் இந்த வித்தியாசம். முடிந்தவரை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே பயன்படுத்துங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள்.

பாக்கெட்டைப் பிரிக்கும் முன் எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது பெரிய தப்பு. உப்பு அளவுக்கு மீறிப் போய் பிள்ளைக்கு ஆபத்தாகிவிடும்.

நம் வீட்டில் இருப்பதே நல்லது

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பாட்டி எங்கள் கூட்டத்தில் சொன்னார்: "அந்தக் காலத்துல பாட்டிலா இருந்துச்சு? தூக்குல நீராகாரம் எடுத்துக்கினு போவோம். கல்லு உப்பு போட்டு, வெங்காயம் கடிச்சிக்கினு குடிப்போம். சாயந்தரம் வரைக்கும் தாங்கும்." பாட்டி சொன்னது சரிதான். பழைய சோற்றுத் தண்ணீரில் மாவுச் சத்தும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. குடல் கதவு திறக்கத் தேவையான ஜோடி அது.

நீர் மோர்: உப்புப் போட்டு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுக்கலாம். மிகவும் நல்லது.

கேழ்வரகுக் கூழ்: மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் அதே கூழ். ஆட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு குடிக்கலாம். ஆட்டத்துக்கு நடுவில் வேண்டாம், வயிறு கனக்கும்.

இளநீர்: பொட்டாசியம் என்ற உப்பு இதில் நிறைய இருக்கிறது. ஆனால் வேர்வையில் முக்கியமாகப் போகும் சோடியம், அதாவது சமையல் உப்பில் இருப்பது, இளநீரில் குறைவு. ஆட்டம் முடிந்து குடிப்பதானால் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளலாம்.

குளுக்கோஸ் பவுடர்: போட்டி நாளில் எல்லாரும் கையில் கொட்டி நக்குகிறார்கள். அது பெரும்பாலும் சர்க்கரைதான். உடனே கொஞ்சம் தெம்பு தரும். தண்ணீருக்கும் உப்புக்கும் அது ஈடாகாது.

கலர் சோடா, கூல் டிரிங்க்ஸ்: சர்க்கரை மிக அதிகம், உப்பு இல்லை. ஆட்டத்துக்கு நடுவே குடித்தால் வயிறு ஊதும். வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் அட்டைப் பெட்டி: ஜாக்கிரதை

சில வருடங்களாக மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். என்று பெயரிலேயே எழுதிய இனிப்புப் பானங்களை அட்டைப் பெட்டியில் விற்றார்கள். நம் உறுப்பினர்களும் வாங்கிக் கொடுத்தார்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. இந்தப் பானங்களில் அதைவிடப் பல மடங்கு சர்க்கரை. வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தைக்கு இதைக் கொடுத்தால் போக்கு இன்னும் அதிகமாகும்.

ஹைதராபாத்தில் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் தனியாகவே இதை எதிர்த்துப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரியான அளவில் தயாரிக்காத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற வார்த்தையைப் பெயரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு பெண் விடாமல் கேட்டதால் நாட்டுக்கே ஒரு சட்டம் கிடைத்தது. இனி கடைக்குப் போனால் உலக சுகாதார நிறுவன அளவில் தயாரித்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது, எவ்வளவு குடிப்பது?

ஆட்டத்துக்கு முன்: இரண்டு மணி நேரம் முன்பே 2 டம்ளர் தண்ணீர். ஆட்டம் தொடங்கும்போது சிறுநீர் கழித்துவிட்டுப் போகலாம்.

ஆட்டத்தின்போது: 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர். மடக் மடக்கென்று ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்தால்தான் வயிறு பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் எதுவும் ஆகாது. "நடுவில் குடிக்கக் கூடாது" என்பது தப்பான பேச்சு.

ஆட்டம் முடிந்த பின்: வீட்டுக்கு வந்து தாகம் தீரக் குடித்துவிட்டு, உப்புள்ள சாப்பாடு சாப்பிட்டால் போதும். ரசம் சோறு, குழம்புச் சோறு, மோர் சோறு எதுவானாலும் சரி.

எடை பார்க்கும் மெஷின் கிடைத்தால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏறி நிற்கச் சொல்லுங்கள். அரை கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் முக்கால் லிட்டர் அளவு குடிக்க வேண்டும். மெஷின் இல்லையா? சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்க இருக்கும் எலுமிச்சை ஜூஸ் நிறம் என்றால் நல்லது. டீ டிகாக்‌ஷன் போல இருந்தால் தண்ணீர் போதவில்லை.

அதிகம் குடித்தாலும் ஆபத்துண்டு

"அப்படின்னா குடம் குடமா குடிக்கச் சொல்லிடலாமா?" அதுவும் தப்பு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் இருக்கும் உப்பு நீர்த்துப் போகும். மூளை வீங்கும். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் 100-க்கு 13 பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வேர்வையில் போனதைவிட அதிகம் குடித்தவர்களுக்கு, இது அதிகம் இருந்தது. அதே ஓட்டத்தில் ஓடிய ஒரு பெண் இதனாலேயே இறந்து போனார். ஆகவே தாகத்துக்குக் குடிக்க வேண்டும், போட்டி போட்டுக் குடிக்க வேண்டாம்.

எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தலாமா?

இது நம் பகுதிக்கு முக்கியமான விஷயம். ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டை தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. இப்போது பெண் பிள்ளைகளும் கிளவுஸ் மாட்டுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் எடைப் பிரிவு உண்டு. போட்டிக்கு முந்தின நாள் ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். ராத்திரி முழுவதும் தண்ணீர், சாப்பாடு இல்லாமல் எடை குறைக்கப் பாடுபட்டார். ஆகஸ்ட் 7 காலையில் 100 கிராம் கூடுதல் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பதக்கமும் இல்லை, உடம்பில் நீர் வற்றி மருத்துவ உதவியும் தேவைப்பட்டது. அவருக்குப் பெரிய டாக்டர்கள் கூடவே இருந்தார்கள். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? 1997-இல் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வேர்வையை விட்டு எடை குறைக்கப் போய் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்குள் இறந்திருக்கிறார்கள்.

வளரும் பிள்ளைக்கு எடை கூடுவது இயற்கை. மாஸ்டரிடம் நேரில் போய், "எம் பொண்ணு தண்ணி நிறுத்தி எடை குறைக்க வேணாம் மாஸ்டர், அடுத்த பிரிவுல ஆடட்டும்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் மாஸ்டர் கேட்பார்.

பாத்ரூம் இல்லாத மைதானம்

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னதற்கு வருவோம். அவள் தண்ணீர் குடிக்காதது தெரியாமல் இல்லை. போக இடம் இல்லை, அதனால் குடிக்கவில்லை. ஆண் பிள்ளை சுவரோரம் ஒதுங்கிவிடுவான். பெண் பிள்ளை என்ன செய்வாள்?

நாமும் அப்படித்தானே இருக்கிறோம்? விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்து, கூடை தூக்கி, மத்தியானம் வரை தெருத்தெருவாக விற்றுவிட்டு வரும் அக்காக்கள் எத்தனை பேர் வழியில் தண்ணீர் குடிக்கிறீர்கள்? கம்பெனியில் நின்றபடி வேலை பார்க்கும் தங்கைகள்? "அடக்கிக்குவோம் மேடம், பழகிப் போச்சு" என்கிறீர்கள். பழகவில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீரில் கிருமி, அடிவயிற்று வலி என்று டாக்டரிடம் போகும் பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். நம்மைப் பார்த்துத்தான் நம் பெண்ணும் அடக்கக் கற்றுக்கொள்கிறாள்.

எனவே மைதானத்தில் தண்ணீர் கேட்கும்போது கழிப்பறையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்படாது.

அந்தக் குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? நாலு பேர் சேர்ந்து மைதானத்துக்குப் போனார்கள். அங்கே கழிப்பறை இருக்கத்தான் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று நாள் தேடினார்கள். வார்டு கவுன்சிலரிடம் மனு எழுதிக் கொடுத்தார்கள். இப்போது பயிற்சி நேரத்தில் திறக்கிறார்கள். வாளி, மக்கு, பினாயில் குழு வாங்கிக் கொடுத்தது. இன்னும் விளக்கு இல்லை. அதற்கும் மனு கொடுத்திருக்கிறார்கள்.

அபாய அறிகுறி

லேசான அறிகுறி: தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருவது போல இருத்தல், தசைப் பிடிப்பு. உடனே ஆட்டத்தை நிறுத்தி நிழலில் உட்கார வைத்து, உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும். அன்றைக்கு மறுபடி ஆட விட வேண்டாம்.

மோசமான அறிகுறி: பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது. இது வெப்பத் தாக்கு. 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை சும்மா நிற்காதீர்கள். குடம் குடமாகத் தண்ணீரை உடம்பின் மேல் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். மீன் பெட்டி ஐஸ் நம் பக்கம் எப்போதும் கிடைக்கும், அதையே துணியில் சுற்றி வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த உப்புத் தண்ணீரைத் தானாகக் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் அப்படியே. மகளிர் தின விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுக்க வரும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் யார் யார் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்? பயிற்சி எத்தனை மணிக்கு? மூன்று மணி வெயிலை ஐந்து மணிக்குத் தள்ள முடியுமா?

2. மைதானத்தில் குடிதண்ணீர் இருக்கிறதா? கழிப்பறை திறந்திருக்கிறதா?

3. வாரம் ஒரு அம்மா என்று முறை வைத்து ஒரு குடம் எலுமிச்சைத் தண்ணீர் கலந்து கொண்டுபோக முடியுமா? கலக்கும் அளவை ஓர் அட்டையில் எழுதிக் குடத்தில் கட்டிவிடுங்கள்.

4. குழுவில் எப்போதும் 5 ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். தேதி பார்த்து வையுங்கள்.

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைத் தலைவி நம் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண்தான். செய்தி வந்த அன்று அந்தத் திருவொற்றியூர் அக்கா எனக்குப் போன் செய்தார். "மேடம், எம் பொண்ணு பேப்பரை வெட்டி சுவத்துல ஒட்டியிருக்கா. இந்த வாரம் தண்ணி கலக்கற முறை என்னுது. உப்பு கால் ஸ்பூனா, அரை ஸ்பூனா? மறந்துட்டேன்" என்றார்.

கால் ஸ்பூன் அக்கா. தலை தட்டி.